உபவாச நாட்களும் சரீரத்தின் கணக்கும்



லெந்து காலத்தின் மூன்றாம் வாரத்திற்குள் வந்திருக்கிறோம். உங்களில் பலர் உபவாசத்தில் இருப்பீர்கள். காலை உணவை மட்டும் விலக்கியவர்கள் உண்டு. சூரியன் சாயும்வரை தண்ணீர் மாத்திரம் அருந்துகிறவர்கள் உண்டு. நாற்பது நாளும் ஒரே வேளை உண்பேன் என்று பொருத்தனை செய்துகொண்டவர்களும் உண்டு. உபவாசத்தின் ஆவிக்குரிய பொருளைச் சென்ற வாரம் தியானித்தோம். இவ்வாரம் அதே உபவாசத்தைச் சரீரத்தின் பக்கமாக நின்று பார்க்க விரும்புகிறேன். மருத்துவர் எழுத வேண்டியதைப் போதகர் ஏன் எழுதுகிறார் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு; சற்றுப் பின்னே சொல்லுகிறேன்.

இதை வாசிக்கும் இவ்வேளையில் நீங்கள் நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருக்கலாம். ஆயினும் உங்கள் சரீரத்துக்குள் அடுப்பு எரிந்துகொண்டேயிருக்கிறது. நாளொன்றுக்கு 2000 கலோரி செலவிடும் ஒருவருடைய சரீரம் வெளிவிடும் வெப்பம், முன்பு நம் வீடுகளில் எரிந்த 100 வாட் குண்டு பல்பு ஒன்றின் அளவுக்கு ஏறத்தாழச் சமம். சிறிய அறையொன்றில் ஐம்பது பேர் கூடி ஜெபிக்கும்போது அறை ஏன் அப்படிப் புழுங்குகிறது என்பதற்கு வேறு விளக்கம் தேடவேண்டியதில்லை.

உண்ட உணவில் பெரும்பகுதி உழைப்பிலே செலவாகிறது என்றுதான் நம்மில் அநேகர் எண்ணியிருக்கிறோம். அப்படியல்ல. மிகுந்த உடலுழைப்பு இல்லாத ஒருவர் ஒரு நாளில் செலவிடும் சக்தியில் 60 முதல் 70 சதவீதம், அவர் நாள் முழுவதும் படுத்தே கிடந்தாலும் செலவாகியே தீரும். இதயம் துடிக்க வேண்டும். சிறுநீரகம் இரத்தத்தை வடிகட்ட வேண்டும். ஈரல் தன் நூறு வேலைகளைச் செய்ய வேண்டும். மூளை, ஈரல், இதயம், சிறுநீரகம் ஆகிய நான்கும் சேர்ந்து நம் எடையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான். ஆனால் ஓய்வு நிலையில் செலவாகும் சக்தியில் பாதிக்கு மேல் இவற்றுக்கே போய்விடுகிறது. மூளைக்கு மாத்திரம் ஐந்தில் ஒரு பங்கு. நீங்கள் பிரசங்கத்தை ஊன்றிக் கவனித்தாலும், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாலும் மூளையின் செலவில் பெரிய வேறுபாடு இல்லை என்கிறார்கள். (இது கவனியாமல் இருப்பதற்கான அனுமதிச் சீட்டு அன்று.) உண்டதைச் செரிப்பதற்கே பத்தில் ஒரு பங்கு வேண்டும். எஞ்சியிருப்பதுதான் நடைக்கும் வேலைக்கும்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் முழுவதையும் பாடநூல்கள் வளர்சிதை மாற்றம் என்கின்றன. நம் வாலிபர்கள் மெட்டபாலிசம் என்கிறார்கள். 1780களில் பாரிஸ் நகரில் லாவாய்சியரும் லப்லாஸும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துக்குள் வைத்து, அதன் சரீரச் சூட்டினால் உருகிய நீரை அளந்து பார்த்தார்கள். மூச்சு விடுதல் என்பது மெதுவாக எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள். நம்முடைய அடுப்பு உவமை அந்நாளிலிருந்து ஆய்வுக்கூடத்திலும் நிலைபெற்றது.

இந்த அடுப்பு எல்லாரிடமும் ஒரே அளவில் எரிவதில்லை. பெரிய சரீரத்துக்குச் செலவு அதிகம். தசை மிகுந்தவருக்குக் கொழுப்பு மிகுந்தவரைவிட அதிகம். கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி குறைவாகச் சுரந்தால் தீ தணிகிறது, மிகுதியாகச் சுரந்தால் கொழுந்துவிடுகிறது. காய்ச்சல் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் செலவு 10 முதல் 13 சதவீதம் கூடுகிறது. காய்ச்சலுள்ள பிள்ளைக்குக் கஞ்சியாவது கொடுக்க வேண்டும் என்று நம் பாட்டிமார் வற்புறுத்தியது வீணல்ல. பால் கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகத் தேவை. வயதைப் பற்றி நாம் சொல்லிக்கொள்வது மாத்திரம் அவ்வளவு சரியில்லை. 29 நாடுகளைச் சேர்ந்த 6400க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைத் திரட்டி 2021இல் வெளியான ஆய்வொன்று, சரீரத்தின் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், 20 வயது முதல் 60 வயதுவரை இந்தச் செலவு ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது என்று காட்டியது. ஐம்பதுகளில் இருக்கிற என்னைப் போன்றவர்கள் இடுப்புச் சுற்றளவுக்கு வயதைக் காரணம் காட்ட வழியில்லை. அசன விருந்துகளைக் காட்டலாம்.

இனிக் காரணத்துக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டு லெந்து நாட்களின் நான்காம் வாரத்தில் நம் சபையின் சகோதரி ஒருவர் என்னைக் காண வந்தார். பெயர் குறிப்பிடாமல் எழுதிக்கொள்ள அனுமதி தந்திருக்கிறார். வயது நாற்பத்தைந்து இருக்கும். பகலெல்லாம் பீடி சுற்றி, ஐந்து பேருக்குச் சமைத்து, தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து குடும்பம் நடத்துகிறவர். நாற்பது நாளும் இரவு ஒரு வேளை மாத்திரம் உண்பதாகப் பொருத்தனை செய்திருந்தார்.

“ஐயா, விடியற்கால ஜெபத்துக்கு எழும்ப முடியவில்லை. கையும் காலும் சில்லிட்டுக் கிடக்கிறது. வேதத்தைத் திறந்தால் சமையல் நினைப்பே வருகிறது. பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். ‘உன் உபவாசத்தில் ஆவி இல்லை, அதனால்தான் இந்தச் சோம்பல்’ என்று வீட்டில் சொல்லுகிறார்கள். என் விசுவாசம் அணைந்துபோயிற்றா ஐயா?” என்று கேட்டு அழுதார்.

இரவில் என்ன சாப்பிடுகிறீர்கள் அம்மா என்று கேட்டேன். இரண்டு தோசை, சில நாள் கஞ்சி என்றார். சோறு மிஞ்சினால் பிள்ளைகளுக்கு வைத்துவிடுவாராம்.

அவர் விசுவாசத்தைக் குறித்து நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மருத்துவரிடம் அனுப்பினேன். தைராய்டு சரியாக இருந்தது, இரத்தசோகை இருந்தது. முதலாவது வயிறார உண்ண வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அவர் திரும்பி வந்தபோது, முப்பத்தாறு வாலிபரின் கதையை அவருக்குச் சொன்னேன். அதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்காவில் குவேக்கர், மெனனைட், பிரதரன் முதலான சமாதான சபைகளைச் சேர்ந்த வாலிபர் பலர், மனச்சாட்சியினிமித்தம் ஆயுதம் ஏந்த மறுத்திருந்தார்கள். அரசு அவர்களை மனநல மருத்துவமனை, காடு வளர்ப்பு, தீயணைப்பு போன்ற பணிகளுக்கு அனுப்பியது. போர் முடியும்போது ஐரோப்பாவில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் மெலிந்து நிற்பார்கள், அவர்களுக்கு எவ்வாறு உணவளித்து மீட்பது என்ற கேள்வி எழுந்தது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், தாமாக முன்வருகிறவர்களைப் பட்டினி போட்டுப் பார்க்கும் ஆய்வு ஒன்றைத் திட்டமிட்டார். இந்த வாலிபரில் இருநூறுக்கும் மேற்பட்டோர் முன்வந்தார்கள். முப்பத்தாறு பேர் தெரிந்துகொள்ளப்பட்டார்கள். எல்லாரும் திடகாத்திரமானவர்கள், மனத்திலும் உறுதியானவர்கள் என்று சோதித்து எடுக்கப்பட்டவர்கள். கொல்ல மறுத்தவர்கள், பசித்தவர்களுக்காகத் தங்கள் சரீரத்தை ஒப்புக்கொடுத்தார்கள்.

1944 நவம்பரில் ஆய்வு தொடங்கியது. பல்கலைக்கழகத்தின் கால்பந்து மைதானத்துப் பார்வையாளர் படிக்கட்டுகளின் கீழிருந்த அறைகளே அவர்களுக்கு வீடு. முதல் 12 வாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3200 கலோரி உணவு. 1945 பிப்ரவரி 12 முதல் 24 வாரங்களுக்கு அது ஏறத்தாழ 1570 ஆகக் குறைக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, டர்னிப், கரும்பழுப்பு ரொட்டி, மக்ரோனி என்று போரில் பட்டினி கிடந்த ஐரோப்பியருக்குக் கிடைத்த உணவே இவர்களுக்கும் இரண்டு வேளை பரிமாறப்பட்டது. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்கவும் வேண்டும்.

ஆறு மாதத்தில் ஒவ்வொருவரும் தம் எடையில் ஏறத்தாழக் கால் பங்கை இழந்தார்கள். அது எதிர்பார்த்ததுதான். கவனிக்கத்தக்கது வேறு. ஓய்வு நிலையில் அவர்கள் சரீரம் செலவிட்ட சக்தி ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருந்தது. சரீரம் சிறுத்ததனால் குறைந்த அளவு மட்டும் அதில் இல்லை; எஞ்சிய உறுப்புகளும் தத்தம் செலவைச் சுருக்கிக்கொண்டன. நிமிடத்துக்கு ஐம்பத்தைந்து முறை துடித்த இதயங்கள் முப்பத்தைந்துக்கு இறங்கின. சரீர வெப்பம் தணிந்தது. ஜூலை மாதக் கோடையிலே அவர்கள் கம்பளி கேட்டார்கள். தலைமயிர் உதிர்ந்தது. மாடிப்படி ஏறுவது மலை ஏறுவதுபோலாயிற்று. சிரிப்பு ஓய்ந்தது. நண்பர்களைத் தவிர்த்துத் தனியே உட்கார்ந்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்துவைத்து இரவில் வாசித்தார்கள். தட்டை நக்கினார்கள். சிறு காரியத்துக்கும் எரிந்து விழுந்தார்கள்.

இவர்கள் சோம்பேறிகள் அல்லர். மனவுறுதி இல்லாதவர்கள் அல்லர்; நாடே எதிர்த்து நின்றபோதும் தங்கள் மனச்சாட்சியில் நிலைத்திருந்தவர்கள். ஆனால் வரவு குறைந்த வீட்டில் தாய் என்ன செய்வாள்? முதலில் பண்டிகைச் செலவை நிறுத்துவாள். பிறகு விளக்கை அணைப்பாள். கடைசிவரை அடுப்பை மட்டும் காப்பாற்றுவாள். சரீரமும் அப்படியே செய்கிறது. தைராய்டின் சுறுசுறுப்பான சுரப்பைக் குறைக்கிறது. கை கால்களுக்குப் போகும் சூட்டைக் குறைக்கிறது. நாம் அறியாமலே நம் அசைவுகளைக் குறைக்கிறது. உணவைப் பற்றிய எண்ணத்தை மாத்திரம் ஓயாமல் மூட்டிக்கொண்டிருக்கிறது, ஏனெனில் அந்த எண்ணம் இல்லாவிட்டால் உயிர் தப்பாது. நம் சகோதரி சொன்ன ஒவ்வொன்றும், சில்லிட்ட கையும் விடியலில் எழும்ப முடியாமையும் வேதப் பக்கத்தில் எழும்பிய சமையல் நினைப்பும், இந்த வாலிபரிடத்தில் அளந்து எழுதப்பட்டிருக்கின்றன. அதைக் கேட்டபோது அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அந்தப் பிள்ளைகளும் அப்படித்தானா ஐயா?” என்றார்.

ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். ஒரு நாள் உபவாசத்தால் இவையெல்லாம் நேர்வதில்லை. ஈரலில் ஏறத்தாழ 100 கிராம் சர்க்கரைச் சத்து சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. அது ஏறக்குறைய ஒரு நாளுக்கு வரும். அதன்பின் கொழுப்பு கரைந்து கைகொடுக்கிறது. நாட்கள் செல்லச்செல்ல மூளையும் அந்தக் கொழுப்பிலிருந்து உண்டாகும் கீட்டோன்களை உண்ணப் பழகுகிறது. ஆரோக்கியமுள்ளவர் ஒருவர் வெள்ளிக்கிழமை ஒருநாள் உண்ணாதிருந்தால் அவர் அடுப்பு தணிந்துவிடுவதில்லை. வாரக்கணக்கில் தேவைக்குக் குறைவாக உண்டு, அதே வேளையில் முழு வேலையும் செய்யும்போதுதான் சரீரம் தன் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்துகிறது.

எடை குறைக்கிறவர்களுக்கும் இதிலே ஒரு செய்தி உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக் குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பின் சோதித்தபோது, அவர்கள் ஓய்வில் செலவிட்ட சக்தி அவர்கள் சரீர அளவுக்கு எதிர்பார்க்கத்தக்கதைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி குறைவாக இருந்தது என்று 2016இல் வெளியிட்டார்கள். பெருத்த சரீரமுடைய ஒருவரைப் பார்த்து, ஒளித்து வைத்துத் தின்னுகிறார் என்று சபை வாசலிலே சிரிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும்.

மினசோட்டாக் கதைக்கும் நம் மண்ணுக்கும் நேரான தொடர்பு இல்லை. ஆனால் அந்த 1570 என்ற எண்ணை வாசித்தபோது எனக்குத் தாது வருஷப் பஞ்சம் நினைவுக்கு வந்தது. 1877இல் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், பஞ்ச நிவாரண வேலைத்தளத்தில் உழைக்கும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று நிர்ணயித்தார். ஒரு பவுண்டு அரிசி 454 கிராம். கணக்கிட்டுப் பாருங்கள்; ஏறத்தாழ 1600 கலோரி. மினசோட்டா வாலிபரை ஆறு மாதத்தில் எலும்பும் தோலுமாக்கிய அளவு அது. அவர்கள் திடகாத்திரமான சரீரத்தோடு தொடங்கினார்கள், கடும் உடலுழைப்பு வேண்டியிருக்கவில்லை. நம் முன்னோர் முன்னமே மெலிந்திருந்தார்கள், மண் சுமந்து கல் உடைத்தார்கள். மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த மருத்துவர் கார்னிஷ் இதை வன்மையாக எதிர்த்தார். ஒன்றரைப் பவுண்டு தானியமாவது வேண்டும், அதோடு பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். அரசு பாதி வழி இறங்கிவந்து அளவை உயர்த்தியது. அதற்குள் எத்தனை பேர் மண்ணுக்குள் போனார்களோ, கர்த்தர் அறிவார். உழைப்புக்கு இவ்வளவு சக்தி வேண்டும் என்ற கணக்கு அன்றைக்கே மருத்துவர் ஒருவருக்கு விளங்கியிருந்தது. கஜானாக் கணக்கைப் பார்த்தவர்களுக்குத்தான் விளங்கவில்லை.

இறையியல் கல்லூரியில் எபிரெய மொழி கற்ற நாட்களில் எனக்குப் பெரிதும் பிடித்துப்போன சொல் ஒன்று உண்டு: நெபேஷ். நம் வேதாகமத்தில் ஆத்துமா என்று மொழிபெயர்க்கப்படும் சொல். அதற்குத் தொண்டை என்றும், பசி என்றும், உயிர் என்றும் பொருள் உண்டு. எபிரெயருக்கு ஆத்துமா என்பது சரீரத்துக்கு மேலே மிதக்கிற ஆவியன்று. பசிக்கிற, தாகங்கொள்ளுகிற முழு மனிதன். நம் பிரசங்கங்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகின்றன.

1 சாமுவேல் 14ஆம் அதிகாரத்தை இந்த வாரம் வாசித்துப் பாருங்கள். பெலிஸ்தரோடு யுத்தம் நடந்த நாளில், மாலைவரை ஒருவரும் உண்ணலாகாது என்று சவுல் ராஜா தன் வீரர்மேல் ஆணையை வைத்தார். அந்த உபவாசத்தை வீரர் தெரிந்துகொள்ளவில்லை. அது அவர்கள்மேல் சுமத்தப்பட்டது. காட்டு வழியே போகையில் தேன் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒருவரும் தொடவில்லை. ஆணையை அறியாத யோனத்தான் மாத்திரம் தன் கோலின் நுனியைத் தேன்கூட்டில் தோய்த்து வாயில் வைத்தான். அவன் கண்கள் தெளிந்தன என்பதை வேதம் தனியே குறித்துவைக்கிறது. தேனிலுள்ள சர்க்கரை சில நிமிடத்திலே இரத்தத்தில் கலப்பது. தனக்கென்று பெரிய சேமிப்பு இல்லாத மூளைக்கு அது உடனே எட்டுவது. யோனத்தான் உடலியல் கற்றவனல்லன். ஆனாலும் தன் தகப்பன் ஜனத்தைக் கலங்கப்பண்ணினார், உண்டிருந்தால் வெற்றி இன்னும் பெரிதாயிருக்குமே என்று வெளிப்படையாகச் சொன்னான்.

அந்த அதிகாரத்தின் பிற்பகுதியை நாம் அதிகம் பிரசங்கிப்பதில்லை. மாலை வந்தபோது, களைத்துப்போயிருந்த வீரர்கள் கொள்ளைப் பொருளின்மேல் பாய்ந்து, ஆடு மாடுகளைத் தரையிலே அடித்து, இரத்தத்தோடே தின்றார்கள். நியாயப்பிரமாணத்தின் மிகத் தெளிவான விலக்கு அங்கே மீறப்பட்டது. மினசோட்டாவிலும், உணவு திறந்துவிடப்பட்டபோது அந்த ஒழுக்கமுள்ள வாலிபர் நாளொன்றுக்கு 5000 கலோரிக்கு மேல் உண்டும் பசி தீராமல் தவித்தார்கள். மீண்டு எழ ஏறத்தாழ 4000 கலோரி வீதம் மாதக்கணக்கில் வேண்டும் என்று கீஸ் முடிவுக்கு வந்தார். வைட்டமின்களை மாத்திரம் கூட்டிக் கொடுத்ததால் பயன் இல்லை. 1946இல் பிரதரன் சபையார் பதிப்பகம் நிவாரண ஊழியர்களுக்கென்று ஒரு சிறு கைநூலை வெளியிட்டது: பசித்தவர்கள் எரிச்சலோடு பேசினால், நன்றி சொல்லாமல் போனால், அவர்களைத் தவறாக நினைக்காமலிருக்க ஊழியர்களுக்குக் கற்பிப்பதே அதன் நோக்கம். கீஸின் பெரிய நூல் 1950இல் இரண்டு தொகுதிகளாக வந்தது. எனக்கென்னவோ அந்தச் சிறு கைநூல்தான் ஒவ்வொரு போதகர் மேசையிலும் இருக்க வேண்டியது என்று தோன்றுகிறது.

அந்தச் சகோதரி பொருத்தனையை விட்டுவிடவில்லை, மாற்றிக்கொண்டார். காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்தார். மதியம் ஒரு வேளையைத் தேவனுக்கென்று விலக்கினார். இரவில் பருப்பும் முட்டையுமாகச் சோறு உண்டார். பிள்ளைகளுக்கு எடுத்துவைப்பதற்குமுன் தனக்கு முதலில் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று வீட்டாருக்கு முன்னிலையில் அவரிடம் சொன்னேன். இது அவருக்கு உபவாசத்தைவிடக் கடினமாயிருந்தது. உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் பின்னும் களைப்பு உடனே தீரவில்லை. இரத்தம் ஊற மாதங்கள் ஆயின. ஆகஸ்டு மாதத்தில் விடியற்கால ஜெபத்தில் மீண்டும் அவரைக் கண்டேன்.

இந்த ஆண்டு உபவாசத்தில் இருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரைக்கு மாத்திரை உட்கொள்ளுகிறவர்களும் மருத்துவரைக் கேளாமல் உணவை விலக்க வேண்டாம். மாத்திரையை விழுங்கி உணவை விட்டால் சர்க்கரை திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மாரும் உபவாசம் இருக்க வேண்டியதில்லை. நீங்கள் இரண்டு பேருக்காக எரிகிற அடுப்பு. வெயிலில் வேலை செய்கிறவர்கள் தண்ணீரை விலக்க வேண்டாம். உங்கள் வீட்டில் உபவாசத்தில் இருப்பவர் எழும்பத் தாமதித்தாலோ, வார்த்தையில் சூடு காட்டினாலோ, அவர் கடைசியாக எப்போது உண்டார், என்ன உண்டார் என்று முதலாவது கேளுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் காலை பத்து மணிக்குத் தொடங்கும். பன்னிரண்டரைக்கு முடித்துவிடுவோம். முடிந்ததும் ஆலய வளாகத்தில் கஞ்சியும் காணத்துவையலும் உண்டு. உபவாசம் இல்லாதவர்களும் வரலாம். பாத்திரம் கொண்டுவந்தால் வீட்டிலுள்ள முதியவர்களுக்கும் ஊற்றித் தரும்படி சமையற்கட்டில் சொல்லியிருக்கிறேன்.